விரலை எப்போது காட்ட வேண்டும்

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கிற சுவரை இடிக்கச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. டிவியில் வீடு பார்க்க வருகிற ஜோடிகளில் பாதிப் பேர் வாசல் தாண்டியதுமே அதைத்தான் சொல்வார்கள். "இந்தச் சுவரை எடுத்துட்டா நல்லா விசாலமா இருக்கும்." எடுத்துவிட்டு? பொரிக்கிற புகையெல்லாம் சோபாவில் வந்து உட்காரும். மிக்ஸி சத்தத்தில் ஒரு வசனம் காதில் விழாது. ஆறு மாதம் கழித்து அதே ஜோடி ஒரு திரையைத் தொங்கவிட்டு இடத்தைப் பிரித்திருக்கும். அதை மட்டும் யாரும் காட்டமாட்டார்கள்.

நீங்களும் சுவர் பார்க்கத்தான் வந்திருக்கிறீர்கள், அதனால் சொன்னேன். உட்காருங்கள். சோபாவின் நடுவில் மட்டும் வேண்டாம், அது என் தம்பி மனைவியின் இடம். அந்த ஓரத்தில் உட்காருங்கள். அது தம்பியின் இடம், அவன் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டான். அவன் ஆஸ்பத்திரியில் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியிலிருந்து சுவரைச் சோதிக்க நீங்கள் வருவீர்கள் என்று போனில் சொல்லியிருந்தான். அவள் நுரையீரலுக்குள் என்ன போனது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டுமாம். தெரிந்தால் அதற்கென்று இருக்கிற மருந்தைக் கொடுக்கலாம். தெரியாவிட்டால் குத்துமதிப்பாகத்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும், அதற்கு அவள் உடம்பு தாங்காது என்றாராம். அதனால்தான் நீங்கள் டிவியை அலமாரியோடு நகர்த்தினீர்கள். ஈரம் பார்க்கிற மீட்டரைச் சுவரில் வைத்ததும் அது பசித்த குழந்தை மாதிரிக் கத்தியது. சுரண்டியை எடுத்து ஒரு கோட் உரித்தீர்கள். அடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் இன்னொன்று. கறுப்பு தெரிந்ததும் என் முகத்தைப் பார்த்து, "யாரும்மா இத்தனை கோட் அடிச்சது?" என்றீர்கள்.

நான்தான். டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

நான் ஒரு பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை பார்த்தவள். இந்த வருஷம்தான் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சின்னச் செதிலைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும், அதே நிறத்தை அப்படியே கலந்து தருவேன். வெயிலில் வெளுத்ததா, அடுப்புக் கரி பட்டதா என்பதெல்லாம் பார்த்துக் கலப்பேன். வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு விஷயம் மறக்காமல் சொல்வேன். "ஓதம் அடிக்கிற சுவர்ல பெயிண்ட் அடிக்காதீங்க. ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. மூடி மறைச்சீங்கன்னா உள்ளுக்குள்ளயே வளரும்." இதை நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உங்களைவிட அதிகம் பேரிடம் நான் சொல்லியிருப்பேன்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரார் கட்டடத்தில் எந்தத் திருகு தளர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். சொந்த வீட்டில் டிவிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு இந்த வாடகை வீட்டில் நானும் அவனும்தான் இருந்தோம். சாப்பிட்டுவிட்டு டிவி போட்டதும் தூங்கிவிடுவான். நான் டிவியோடு பேசிக்கொண்டிருப்பேன். போலீஸ் தொடரில் குற்றவாளி மழையில் நனைந்துகொண்டே தன் கதையைக் கத்திக் கத்திச் சொல்வான் இல்லையா, "ஏம்பா, குடைக்குள்ள வந்து சொன்னா ஆகாதா?" என்று கேட்பேன். டிவி என்ன பதில் சொல்லும்? தம்பி குறட்டை விடுவான்.

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது. வந்தவள் ஒரு டாக்ஸி கம்பெனியில் போனில் பேசுகிற வேலையில் இருந்தாள். பட்டுப் போன்ற குரல். வண்டி வரவில்லை என்று கொதித்துக்கொண்டு கூப்பிடுகிறவர்கள்கூட அவள் "சொல்லுங்க சார்" என்றால் அடங்கிவிடுவார்களாம். வந்த புதிதில் ஒருநாள், தினத் தொடரில் ஒரு நாத்தனார் பாலில் விஷம் கலந்துகொண்டிருந்தாள். நான் வழக்கம்போல, "விஷத்தைக் கலக்குறதுக்கு இவ்ளோ நகை எதுக்குடி?" என்றேன். "நகை போட்டாத்தான் கை நடுங்காது அண்ணி" என்று பக்கத்திலிருந்து பதில் வந்தது. திரும்பிப் பார்த்தேன். சீரியஸாக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ வருஷமாக டிவியிடம் நான் பேசியதற்கெல்லாம் சேர்த்து அன்றைக்குத்தான் ஒரு பதில் கிடைத்தது. அன்று ராத்திரி படுத்தபோது எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

"அண்ணி, நீங்க என் பால்ல ஒண்ணும் கலக்கலியே?" என்று கேட்பாள்.

"கலக்குறதா இருந்தா உனக்குப் பிடிச்ச கலராப் பார்த்துக் கலந்திருப்பேன்" என்பேன்.

சாயங்காலம் வீடு தேடுகிற நிகழ்ச்சி வரும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு ஜோடி வரும், கூடவே சூட்கேஸ் அளவு கைப்பையோடு ஒரு தரகரம்மா. மூன்று வீடு காட்டுவார்கள். கணவன் எல்லாம் தெரிந்தவன் போலச் சுவரைத் தட்டிப் பார்ப்பான். மனைவி அலமாரியைத் திறந்து, "இது என் டிரஸ்சுக்கே பத்தாதே" என்பாள். பிறகு விளம்பரம் போடுவார்கள். விளம்பரம் முடிந்ததும் எந்த வீட்டை எடுத்தார்கள் என்று சொல்வார்கள். எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. மூன்று வீடும் பார்த்த பிறகு, அந்த விளம்பர நேரத்தில், மூவரும் ஒரே சமயத்தில் விரல் காட்ட வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று. தப்பாகச் சொன்னவர் பாத்திரம் கழுவ வேண்டும். அதற்கு முன்னால் விரல் காட்டக் கூடாது என்பது விதி. தம்பி சில நாள் முதல் வீட்டிலேயே விரலை நீட்டிவிட்டுத் தூங்கப் பார்ப்பான். அவள் அவன் விரலைப் பிடித்து மடக்கிவிடுவாள். "விதின்னா விதி" என்பாள். அவள் ஒரு நாளும் முந்திக்கொண்டதில்லை.

வினையே அந்த நிகழ்ச்சியால்தான் வந்தது. அடுத்தவர்கள் வீடு பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் ஆசை வரும். "நாமளும் ஒரு வீடு பார்ப்போமே" என்றாள் ஒருநாள். தம்பியும் தலையாட்டினான். அதே சமயத்தில்தான் டிவி அலமாரியைத் துடைக்கும்போது பின்னால் அந்தக் கறையைப் பார்த்தேன். மேல் வீட்டுக் குளியலறைக் குழாய் எங்கேயோ கசிந்திருக்க வேண்டும். உள்ளங்கை அளவுதான் இருந்தது, கறுப்பாக, ஓரத்தில் பச்சை படர்ந்து. தம்பியிடம் சொன்னால் அன்றைக்கே மூட்டை கட்டச் சொல்வான். சொல்லாமல் விட்டாலும் என்றாவது அவள் கண்ணில் படும். அதனால் சுவரின் நிறத்தைக் கலந்து கொண்டுவந்து, இருவரும் வேலைக்குப் போயிருந்தபோது அடித்துவிட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. பெருமையாகக்கூட இருந்தது, பாராட்டத்தான் ஆள் இல்லை.

ஓதம் திரும்ப வந்தது. வரும் என்று எனக்குத் தெரியும். திரும்ப அடித்தேன்.

முதலில் பார்த்த வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். நான் அங்கே எதுவும் செய்யவில்லை. வழக்கம்போல வாயைத் திறந்தேன், அவ்வளவுதான். "பாத்ரூம் கதவைத் திறந்தா நேரா அடுப்பு தெரியுது. சமைக்கிறவளுக்குத் துணையா இருக்கும்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வெளியே வந்த பிறகும் சிரித்தாள். அந்த வீடு அங்கேயே முடிந்துபோனது. அதைக் குற்றம் என்றால் ஊரில் பாதிப் பேரை உள்ளே தள்ள வேண்டும்.

இரண்டாவது வீட்டில் என் பேச்சு எடுபடாது என்று தோன்றியது. நல்ல வீடு. அதனால் தரை துடைக்கிற துணியை நனைத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சில நாள் வைத்திருந்து, கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் செருகிவிட்டேன். வீட்டைக் காட்டிய தரகர் சமையலறைக் கதவைத் திறந்ததும் அவர் மூக்கே சுருங்கியது. இவளுக்கு அப்போது இருமல் ஆரம்பித்திருந்தது, ஈர வாடை என்றாலே பயம். "அண்ணி, இங்க ஓதம் இருக்கும்போல" என்றாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்றேன்.

இருமலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதலில் போனில் பேசிப் பேசித் தொண்டை கெட்டுவிட்டது என்று நினைத்தாள். வெந்நீர் குடித்தாள், லாலிபாப் மாதிரி மாத்திரை சப்பினாள். இருமல் கூடியது. சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்தால்தான் அதிகம் வரும். வெளியே வண்டிச் சத்தத்தில் டிவி கேட்கவில்லை என்று நான் ஜன்னலைச் சாத்திவைப்பேன். அவள் இருமினால் சத்தத்தைக் கூட்டுவேன். "நிகழ்ச்சியைக் கெடுக்குறேன்ல அண்ணி" என்று அவளே மன்னிப்புக் கேட்பாள். "அட, நீ இருமு. அந்தத் தரகரம்மா பேசுறதுக்கு உன் இருமலே மேல்" என்பேன். சிரிப்பாள், அதில் இன்னும் இருமுவாள்.

ஒருநாள் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். "வீட்ல ஈரம், பூசணம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அவள் என்னைக் காட்டி, "எங்க அண்ணி பெயிண்ட் கடையில இருந்தவங்க. அவங்க கண்ணுக்குத் தப்பி ஒரு பூசணம் வந்துடுமா டாக்டர்?" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். "சுத்தமா இல்லீங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அவள் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

குரல் போன பிறகு வேலையும் போனது. அவள் பகலிலும் வீட்டில் இருக்க ஆரம்பித்தாள். மத்தியானத் தொடர்களையும் சேர்ந்து பார்த்தோம். ஒரு தொடரில் கதாநாயகியையே மாற்றிவிட்டார்கள். நேற்றுவரை குண்டாக இருந்தவள் இன்று ஒல்லியாக வந்து, அதே கணவனிடம், "என்னங்க" என்கிறாள். அந்த மனுஷனுக்கு ஒரு சின்னச் சந்தேகம்கூட வரவில்லை. இவளுக்குச் சிரிக்கக்கூட மூச்சில்லை, என் தோளில் தட்டித் தட்டிக் காட்டினாள். ஒரே போர்வையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் ஆயுசிலேயே அதுதான் நல்ல காலம். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

மூன்றாவது வீடு அப்போது வந்ததுதான். உயரத்தில் இருந்தது, நாலா பக்கமும் வெளிச்சம், சுக்கு மாதிரிக் காய்ந்த சுவர்கள். அவள் ஜன்னலோரம் நின்று ஆழமாக மூச்சு இழுத்தாள். "அண்ணி, இருமலே வரல பாருங்க" என்றாள். அவள் முகத்தில் எத்தனையோ நாளாகக் காணாமல்போன நிறம் திரும்ப வந்திருந்தது. நிறம் எனக்குத் தப்பாது. பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஒரு அறையைக் காட்டினாள்.

"இது உங்களுக்கு. ஆரம்பத்துலேர்ந்தே மூணு ரூம் இருக்கிற வீடாத்தான் பார்க்கிறோம். உங்களைத் தனியா விட்டுட்டுப் போயிடுவோம்னா நினைச்சீங்க?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். மனம் இளகிவிட்டது, மறைக்கவில்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அவள் நிறுத்தவில்லை.

"உங்க ரூம்லயே தனி டிவி மாட்டித் தரச் சொல்லியிருக்கேன் அண்ணி. நீங்க பாட்டுக்குக் கதவைச் சாத்திக்கிட்டு ஆசை தீரப் பார்க்கலாம். என் இருமல் தொல்லையே இருக்காது."

தனி டிவி. நீங்களே யோசித்துப் பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, நான் ஒருத்தியாக, டிவியோடு பேசிக்கொண்டு. நான் எங்கே ஆரம்பித்தேனோ அங்கேயே கொண்டுபோய் உட்காரவைப்பதற்கு ஒரு புது வீடு. அவள் அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொன்னதால் மறுக்கவும் வழியில்லை.

அடுத்த முறை அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது ஒரு சின்ன டப்பாவில் நிறம் கலந்து எடுத்துப்போனேன். கறுப்பு, கொஞ்சம் பச்சை, ஓரத்துக்குப் பழுப்பு. மாதிரிக்கு வீட்டிலேயே அசல் இருந்ததே, அலமாரியை நகர்த்திவைத்துப் பார்த்துப் பார்த்துக் கலந்தேன். அவர்கள் தரகரோடு லிஃப்டைப் பார்க்கக் கீழே போனார்கள். லிஃப்ட் என்றால் தம்பி சீக்கிரம் வரமாட்டான். படுக்கையறை மூலையில், திரைச்சீலைக்குப் பின்னால், ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி வைத்தேன். காய்ந்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவ்வளவு தத்ரூபம்.

மேலே வந்ததும், "இங்க கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டேன். அவள் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாவம் அந்தத் தரகர், நேற்றுவரை இது இல்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். தொடர்களில் நல்லவர்கள்தான் இப்படிச் சத்தியம் செய்து மாட்டிக்கொள்வார்கள். தம்பி அவரைத் திட்டிவிட்டு என்னிடம் வந்து, "நல்லவேளை, நீ பார்த்தேக்கா" என்றான். பிறகு அவள் வீடு பார்க்கலாம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. எல்லா வீடும் இப்படித்தான் இருக்கும்போல என்று சொல்லிவிட்டாள்.

ஆக, ஓதம் அடித்த சுவரை நல்ல சுவராக்கினேன், நல்ல சுவரை ஓதம் அடித்ததாக்கினேன். இரண்டுமே நல்ல வேலைப்பாடு. நீங்கள் இவ்வளவு ஆழமாகச் சுரண்டியிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கடைசியாக அந்தச் சாயங்காலத்தைக் கேட்கிறீர்கள். தம்பி வேலையில் இருந்தான். யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கையை உயர்த்தி விரல்களைக் காட்டினாள். மூன்று விரல். மூன்றாவது வீடு என்கிறாள் என்று நினைத்து, "தப்பு, ரெண்டுதான்" என்றேன். எந்த வீடு என்று டிவியில் சொன்ன பிறகு திரும்பிப் பார்த்தால் தலை சாய்ந்திருந்தது, உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். தம்பியிடம் இப்படித்தான் சொன்னேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டு, "உனக்கு எப்படிக்கா தெரியும்?" என்று அழுதான். விளையாட்டால் வந்த தப்பு, யாரைக் குறை சொல்வது என்றான்.

அந்தக் கறுப்பை டப்பியில் எடுத்துவிட்டீர்களா? இன்னும் கொஞ்சம் அடியிலிருந்து எடுங்கள், அங்கேதான் பழையது இருக்கும். சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவள் பிழைத்து வர வேண்டும். வந்ததும் டிவியை அந்த எதிர்ச் சுவருக்கு மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். அது காய்ந்த சுவர்தான், மீட்டரை வைத்துப் பாருங்கள். சோபாவைத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது. வீடு மாற வேண்டிய அவசியமே இல்லை.

என்ன, டீயைக் கீழே வைத்துவிட்டீர்கள். நிகழ்ச்சியில் அப்போது எத்தனையாவது வீடு ஓடிக்கொண்டிருந்தது என்றா கேட்கிறீர்கள்? தம்பிக்குக்கூட இதைக் கேட்கத் தோன்றவில்லை.

முதல் வீடு. ஜோடி அப்போதுதான் சமையலறைக்குள் நுழைந்து, இந்தச் சுவரை எடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று வீடும் பார்க்காமல் விரல் காட்டக் கூடாது. அவள் விதியை மீறுகிறவள் இல்லை. அவள் வீட்டைச் சொல்லவில்லை, என்னைக் கூப்பிட்டாள் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். "ரெண்டுதான்" என்று நான் சொன்னதும் அவள் என்னைப் பார்த்த பார்வையும் தெரியும். பிறகு நான் இரண்டாவது வீட்டைப் பார்த்தேன். மூன்றாவதையும் பார்த்தேன். விளம்பரத்தையும் பார்த்தேன்.

நடுவில் எழுந்து போயிருந்தால், கண் விழித்ததும் அவள், "எந்த வீட்டை எடுத்தாங்க அண்ணி?" என்று கேட்பாள். அவளுக்குச் சொல்ல வேண்டுமே என்றுதான் கடைசிவரை பார்த்தேன்.